பெயர் வந்த வழி: போஸ்கோ முதல் பெஸ்கி வரை

இத்தாலியக் குடும்பப்பெயர்கள் பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

எங்கள் தேவாலயப் பங்கில் போஸ்கோ என்ற பெயருள்ளவர்கள் நிறையப் பேர். என் அப்பாவுக்கும் அதே பெயர். இத்தாலியில் அது குடும்பப்பெயர் என்கிறார்கள். எங்கே தோன்றியது? இப்போது எங்கெல்லாம் இருக்கிறது? எங்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் தொடர்பு ஏதும் உண்டா?
— எஸ்.ஜே., ராயபுரம்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இரத்த உறவு கிடையாது. ஒரு புனிதரின் நினைவாக உங்கள் அப்பாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அது. ஆனாலும் அந்தப் பெயரோடு வாழ்கிற வீட்டுக்கு அதன் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

டூரின் நகரத்து ஏழைப் பையன்களுக்காக உழைத்த அந்தக் குருவானவரின் முழுப்பெயர் ஜொவான்னி மெல்க்கியோர்ரே போஸ்கோ. ஜொவான்னிதான் அவருக்கு வைத்த பெயர். நம் பழைய கத்தோலிக்கத் தமிழில் அருளப்பர். போஸ்கோ தகப்பன் வழியில் வந்த குடும்பப்பெயர். முன்னால் வரும் 'தொன்' பெயரே அல்ல. குருக்களை அழைக்கும் மரியாதைச் சொல். லத்தீன் 'தோமினுஸ்' தேய்ந்து அப்படியானது. பள்ளிச் சான்றிதழிலேயே 'டான் போஸ்கோ' என்று பெயர் உள்ளவர்கள் ஒரு பட்டத்தையும் ஒரு குடும்பப்பெயரையும் சேர்த்துத் தங்கள் சொந்தப் பெயராகத் தாங்கியிருக்கிறார்கள். அவர் தொடங்கிய சலேசிய சபையார் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். 1934 ஏப்ரல் 1-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. பெரம்பூர், பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி என்று சபையின் பள்ளிகளும் இல்லங்களும் வேர்விட்ட பகுதிகளில் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் வைக்கப்பட்டதில் வியப்பில்லை.

போஸ்கோ என்றால் காடு, மரச்சோலை. இத்தாலியில் குடும்பப்பெயர்கள் நிலைபெறத் தொடங்கிய இடைக்காலத்தில் இந்தப் பெயர் ஒரே இடத்தில் பிறந்து பரவவில்லை. காட்டோரம் குடியிருந்தவனை ஊரார் அப்படிக் குறித்திருக்கலாம். 'போஸ்கோ' என்ற ஊரிலிருந்து பிழைக்க வந்தவனையும் குறித்திருக்கலாம். அப்படிப்பட்ட ஊர்கள் ஏராளம். அலெஸ்ஸாந்திரியா மாகாணத்தில் போஸ்கோ மாரெங்கோ, டூரின் அருகே போஸ்கோநேரோ, வெரோனாவுக்கு மேலே மலையில் போஸ்கோ கியேசாநுவோவா, வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் போஸ்கோரெயாலே, போஸ்கோத்ரெகாசே. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல குடும்பங்கள் தனித்தனியாக ஒரே பெயரைப் பெற்றுவிட்டன. ஆகவே 'போஸ்கோ வம்சம்' என்று ஒற்றை வம்சம் கிடையாது.

இன்றைய பரவலிலும் இது தெரிகிறது. பெயர் மூன்று தொகுதிகளாகக் கிடக்கிறது: வடமேற்கில் பியெமோந்தே, தெற்கில் காம்பானியா, அதற்கும் தெற்கே சிசிலி. நடுவில் உள்ள தொஸ்கானா, எமிலியா பகுதிகளில் அதே சொல் பன்மையாகிப் போஸ்கி என்று நிற்கிறது. வெரோனா பக்கம் தல் போஸ்கோ, தெற்கில் லோ போஸ்கோ. போஸ்கெத்தி, போஸ்கினி ஆகியவை 'சிறு சோலை' என்ற பொருளில் கிளைத்தவை. இவற்றை எழுத்துப் பிழை என்று நினைத்து ஒன்றாக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு வடிவமும் தன் வட்டாரத்தைச் சொல்கிறது.

புனிதரின் குடும்பம் பியெமோந்தே தொகுதியைச் சேர்ந்தது. ஆஸ்தி மாகாணத்தில் காஸ்தெல்நுவோவோ என்ற ஊர், அதன் குக்கிராமமான பெக்கி. ஊரின் பெயர் அன்று காஸ்தெல்நுவோவோ தாஸ்தி. இன்று காஸ்தெல்நுவோவோ தொன் போஸ்கோ. ஒரு குடும்பப்பெயர் ஊர்ப்பெயரின் வாலாக மாறிய நிகழ்ச்சி இது. ஆவணம் தேடுவோருக்கு இன்னொரு பாடமும் இங்கே உண்டு. தாம் 1815 ஆகஸ்ட் 15-ல், மாதாவின் விண்ணேற்புத் திருநாளில் பிறந்ததாகவே அவர் எழுதினார். பங்குப் பதிவேடோ பிறப்பு 16, ஞானஸ்நானம் 17 என்கிறது. பெரியவர்களின் நினைவும் பதிவேடும் முரண்பட்டால் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தேடும்போது சொன்ன தேதிக்கு முன்னும் பின்னும் சில நாட்கள், ஆண்டு மட்டும் தெரிந்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்த்துப் பாருங்கள்.

இத்தாலிக்கு வெளியே இந்தப் பெயர் போன வழி புலம்பெயர்வு. பியெமோந்தேக்காரர்கள் அதிகம் போனது பிரான்சுக்கும் அர்ஜென்டினாவுக்கும். தென்னித்தாலியர்கள் பெரும்பாலும் அமெரிக்கா போனார்கள். போப் பிரான்சிஸின் பெர்கோல்யோ குடும்பமும் இதே ஆஸ்தி மாகாணத்திலிருந்து 1929-ல் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறியதுதான்.

உலகப் பெயர் வரைபடங்களில் இந்தியாவிலும் போஸ்கோவுக்கு ஒரு நிறம் விழுந்திருப்பதைப் பார்த்தால் ஏமாற வேண்டாம். நம் ஊரில் அது முதலில் ஆளின் பெயர். பிள்ளை வெளிநாடு போகும்போது 'பி.' என்ற தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொல்கிறார்கள். அப்பாவின் 'போஸ்கோ' குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டொரொன்டோவில் ஒரு போஸ்கோ வீடு ராயபுரத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், ஆஸ்தியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். எழுத்து ஒன்றுதான், வழி வேறு.

இணையத்தில் குடும்பப்பெயர் வரைபடம் பார்த்தால் எந்தப் பெயரைத் தட்டினாலும் ரோம், மிலான், டூரின்தான் முன்னால் வருகின்றன. எல்லாப் பெயரும் பெருநகரத்தில்தான் பிறந்ததா?
— ஆர்.வி., பெரம்பூர்

இல்லை. நீங்கள் பார்ப்பது எண்ணிக்கை. பார்க்க வேண்டியது அடர்த்தி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டரை லட்சம் பேர் வாழும் டூரினில் ஒரு பெயர் 340 இடங்களில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேருக்கு 0.4 வருகிறது. இரண்டாயிரம் பேர் உள்ள ஒரு சிற்றூரில் அதே பெயர் 30 இடங்களில்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரம் பேருக்கு 15. டூரினைப் போல முப்பத்தேழு மடங்குக்கு மேல். பெயரின் தாய்வீடு அந்தச் சிற்றூர்ப் பக்கம்தான்.

பெருநகரம் ஏன் இப்படிக் குழப்புகிறது? 1950களிலும் 60களிலும் தெற்கிலிருந்து லட்சக்கணக்கானோர் டூரின், மிலான் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். டூரினின் கார் ஆலைகளைச் சுற்றி சிசிலி, காலாப்ரியா, புல்யா குடும்பங்கள் நிறையவே குடியேறின. அதனால் இன்று டூரினில் உள்ள போஸ்கோக்களில் பியெமோந்தே போஸ்கோவும் உண்டு, சிசிலி போஸ்கோவும் உண்டு. பட்டியல் இருவரையும் ஒரே எண்ணில் அடைத்துவிடும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் 'கோக்னோமிக்ஸ்' போன்ற தளத்தில் மாநில அளவில் பாருங்கள். பிறகு மாகாணம், பிறகு நகராட்சி. இத்தாலியில் ஏறத்தாழ 7,900 நகராட்சிகள் இருக்கின்றன. அவற்றின் மக்கள்தொகை எளிதில் கிடைக்கும். முதல் இருபது ஊர்களை எழுதிக்கொண்டு எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுங்கள். வரிசை தலைகீழாவதைப் பார்ப்பீர்கள். மேலே வந்த ஊர்களை வரைபடத்தில் புள்ளியிடுங்கள். அவை ஒரே பள்ளத்தாக்கில், ஒரே ஆற்றங்கரையில் கூடினால் பெயர் ஓரிடத்தில் பிறந்தது. மூன்று நான்கு கூட்டமாகச் சிதறினால் பல இடங்களில் தனித்தனியே பிறந்தது.

இத்தகைய தளங்கள் பல தொலைபேசிப் பட்டியலை வைத்து எழுந்தவை. ஒரு பதிவு ஒரு வீடு, ஓர் ஆள் அல்ல. இத்தாலியப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பதால், கணவர் பெயரில் தொலைபேசி உள்ள வீட்டில் அவர்கள் பெயர் கணக்கில் வராது. தரைவழித் தொலைபேசியை விட்டுவிட்ட குடும்பங்களும் விடுபடும். பத்துக்கும் குறைவான எண்ணிக்கை உள்ள ஊரை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரே குடும்பம் வீடு மாறினாலே படம் மாறிவிடும்.

இதற்கு ஒரு நல்ல மாற்றும் உண்டு. முதல் உலகப்போரில் இறந்த இத்தாலிய வீரர்களின் பெயர்ப்பட்டியலில் சுமார் 5,29,000 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊர் எழுதியிருக்கும். போருக்கு அழைக்கப்பட்டவர்கள் 1874 முதல் 1900 வரை பிறந்தவர்கள். அதாவது உள்நாட்டுப் பெருங்குடிப்பெயர்வுக்கு முந்திய படம் அதில் கிடைக்கிறது. தொலைபேசி வரைபடத்தையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பழைய இடம், எது புதிய குடியேற்றம் என்று பெரும்பாலும் பிரிந்துவிடும். எங்களைக் கேட்டால் இந்த இரண்டாம் படத்தைத்தான் கூடுதலாக நம்பலாம் என்போம்.

பெயரின் வடிவமும் துணைக்கு வரும். கொல்லர் தொழிலால் வந்த பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். லொம்பார்தியாவிலும் எமிலியாவிலும் ஃபெர்ராரி. பியெமோந்தேயில் ஃபெர்ரேரோ. தெற்கில் ஃபெர்ராரோ. வெனிஸ் பக்கம் ஃபவாரோ, ஃபவேரோ. ரொமாஞாவிலும் தொஸ்கானாவிலும் ஃபாப்ரி. கார் கம்பெனி மோதெனா பக்கத்தது, சாக்லேட் கம்பெனி பியெமோந்தேயின் ஆல்பா ஊரது. இரண்டு பெயருமே பிறந்த மண்ணை விட்டு நகரவில்லை. ஈற்றில் மெய்யெழுத்து நின்றால் (பெனெத்தொன், த்ரெவிசான்) வெனிஸ் வட்டாரம் என்று எடுத்துக்கொள்ளலாம். 'இயெல்லோ' என்று முடிந்தால் காம்பானியா. பீராஸ், மேலிஸ், கோஸ்ஸு போன்றவை சார்தீனியா.

காசிமேட்டில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பதால் பட்டப்பெயர் சொன்னால்தான் ஆள் தெரியும். இத்தாலி மீனவர் ஊர்களில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?
— டி.கே., காசிமேடு

நீங்கள் செய்வதைப் போலத்தான். ஆனால் அவர்கள் பட்டப்பெயரை அரசாங்கப் பதிவேட்டிலேயே ஏற்றிவிட்டார்கள்.

வெனிஸ் காயலின் தென்கோடியில் கியோஜ்ஜா என்ற மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கே, அதிலும் கடலோரப் பகுதியான சோத்தோமாரினாவில், போஸ்கோலோ, தியோட்ஸோ என்ற இரண்டு குடும்பப்பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. குடும்பப்பெயர் ஒன்று, வைக்கும் பெயரும் புனிதர் பெயர் நான்கைந்துக்குள் சுற்றும். கடிதம் வீடு மாறிப் போகும், வரி நோட்டீஸ் வேறொருவருக்குப் போகும். அதனால் ஒவ்வொரு கிளைக்கும் உள்ள பட்டப்பெயர் அதிகாரப்பூர்வமாகவே ஒட்டிக்கொண்டது. போஸ்கோலோ மார்க்கி, போஸ்கோலோ பெர்தோ என்று இரட்டையாக எழுதுவார்கள். இதற்கு அங்கே 'தெத்தோ' என்று பேர், 'என்று அழைக்கப்படுபவர்' என்று பொருள்.

கியோஜ்ஜாக் குடும்பத்தைத் தேடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். இரண்டாம் பகுதியைத் தாயின் குடும்பப்பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள். அது தாய்வழிப் பெயர் அல்ல, கிளையின் அடையாளம். பழைய பங்குப் பதிவேட்டில் அது விடுபட்டும் இருக்கலாம். அப்போது தகப்பன், பாட்டன் பெயர்களை வைத்துத்தான் கிளையைப் பிரிக்க வேண்டும்.

வியாசர்பாடி பியாட்டிட்யூட்ஸ் தொண்டு நிலையத்தை நிறுவிய தந்தை மந்தோவானியின் பெயர் மாந்துவா நகரத்தைக் குறிக்கிறதா? அப்படியானால் அந்தப் பெயர் மாந்துவாவில்தான் அதிகமா?
— எம்.ஏ., வியாசர்பாடி

முதல் பாதி சரி. மந்தோவானி என்றால் மாந்துவாக்காரர். இரண்டாம் பாதிக்கு வேறு விதமாக யோசிக்க வேண்டும்.

ஊரைக் குறிக்கும் பெயர் அந்த ஊருக்குள்ளே பிறப்பதில்லை. மாந்துவாவில் எல்லோருமே மாந்துவாக்காரர்கள். அங்கே ஒருவனை அப்படி அழைத்து என்ன பிரித்தறிய முடியும்? அவன் கிளம்பி ஃபெர்ராராவுக்கோ மோதெனாவுக்கோ போய்க் குடியேறியபோதுதான் அக்கம்பக்கத்தார் 'மாந்துவாக்காரன்' என்றார்கள். ஆகவே மந்தோவானி என்ற பெயரை ஃபெர்ராரா, பொலோஞா, மோதெனா, ரோவிகோ, வெரோனா என்று மாந்துவாவைச் சுற்றியுள்ள போ ஆற்றுச் சமவெளி முழுவதும் காணலாம். மாந்துவா மாகாணத்திலும் உண்டு, நகரத்தை விட்டுச் சிற்றூருக்குப் போனவனுக்கும் அந்தப் பெயர் ஒட்டுமல்லவா?

ஜெனொவேசே, மிலானேசி, வெரொனேசி, புல்யேசே, காலாப்ரேசே எல்லாவற்றுக்கும் இதே விதி. இந்த வகைப் பெயர் கிடைத்தால் அதன் பொருள் குடும்பம் எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லும். வரைபடம் எங்கே போய்த் தங்கியது என்று சொல்லும். இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொன்சாகா என்று என் தாத்தாவுக்குப் பெயர். அரச வம்சம் என்று ஒருவர் குடும்பச் சின்னம் அச்சிட்டுத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? வீரமாமுனிவரின் பெஸ்கி எந்த ஊர்ப் பெயர்?
— ஏ.எல்., பழைய வண்ணாரப்பேட்டை

வாங்காதீர்கள். சின்னம் ஒரு குறிப்பிட்ட கிளைக்கு வழங்கப்பட்டது, பெயருக்கு அல்ல. கொன்சாகா என்று பெயர் இருக்கிற எல்லோருக்கும் அதில் உரிமை வந்துவிடாது. 1948-ல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசமைப்புச் சட்டம் பிரபுப் பட்டங்களை அங்கீகரிப்பதும் இல்லை.

பெயரின் கதை உண்மையிலேயே பெரியது. மாந்துவா மாகாணத்தில் கொன்சாகா என்று ஓர் ஊர். அங்கிருந்து வந்த கொர்ராதி குடும்பம் ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு 1328-ல் மாந்துவாவின் ஆட்சியைப் பிடித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அதை விடவில்லை. உங்கள் தாத்தாவுக்குப் பெயர் வந்தது அந்தக் குடும்பத்தின் பக்கக் கிளையில் பிறந்த புனித அலோசியஸ் கொன்சாகா வழியாக. 1568-ல் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில் பிறந்தவர். ரோமில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, தாமும் நோய்ப்பட்டு 1591-ல் 23 வயதில் இறந்தார். பிரேசிலிலும் பிலிப்பைன்சிலும் இன்று இந்தப் பெயர் பெருகியிருப்பதைப் பார்த்து மாந்துவா அரசர்கள் அங்கே போனார்கள் என்று நினைக்க வேண்டாம். பிரேசிலில் உங்கள் தாத்தாவுக்கு வைத்ததைப் போலவே புனிதர் பெயராக வைத்தார்கள். பிலிப்பைன்சில் 1849-ல் ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா பிறப்பித்த ஆணையின்படி பட்டியலிலிருந்து குடும்பங்களுக்குப் பெயர் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பெயர் ஒன்றாக இருப்பதால் உறவு உண்டு என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு அந்த நாட்டை விடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்வி. கொன்ஸ்தான்சோ பெஸ்கி 1680 நவம்பர் 8-ல் பிறந்த ஊரும் அதே காஸ்தில்யோனேதான். அவர் பிறந்தபோது அவ்வூரை ஆண்டதும் கொன்சாகாவின் ஒரு கிளையே. தேம்பாவணி தந்தவரும் உங்கள் தாத்தாவின் பெயருக்கு உரியவரும் ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. பெஸ்கி இன்றும் அந்த வட்டாரத்தை விட்டு அதிகம் நகராத பெயர். மாந்துவாவிலும், எல்லைக்கு அப்பால் உள்ள பிரேஷாவிலும் கூடிக் கிடக்கிறது. பெர்கமோவின் ஆயர் பிரான்செஸ்கோ பெஸ்கியும் பிரேஷாவில் பிறந்தவர்தான். தேடும்போது ஆங்கில எழுத்தில் பி, இ, எஸ், சி, ஹெச், ஐ என்று தட்டுங்கள். இத்தாலியில் 'சிஹெச்' வந்தால் 'க' ஒலிதான். தமிழ் உச்சரிப்பைப் பார்த்து 'கே' போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

சேவியோ, கொரெட்டி, லிகோரி, இவையும் குடும்பப்பெயர்களா?
— பி.ஆர்., தண்டையார்பேட்டை

மூன்றும் அப்படித்தான். சாவியோ என்றால் அறிவுடையவன். தொமினிக் சாவியோ 1842-ல் கியேரி நகரத்துக்கு அருகே பிறந்தவர், போஸ்கோவின் மாணவர். கொரெட்டி நடு இத்தாலிப் பெயர். மரியா கொரெட்டி பிறந்தது 1890-ல் மார்க்கே மாநிலத்துக் கொரினால்தோவில். அவர் இறந்தது ரோமுக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள நெத்தூனோவில். லிகுவோரி காம்பானியாவின் பெயர், புனித அல்போன்ஸ் 1696-ல் நேப்பிள்ஸ் அருகே பிறந்தார். கொரெட்டி, லிகுவோரி இரண்டுமே கிரெகோரியோ என்ற பெயரின் வட்டார வடிவங்களிலிருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிரகோரி என்ற பெயர் வேறு வேறு வட்டாரத்து வாயில் உருண்டு இப்படி ஆகியிருக்கிறது.

என் மகன் வேலை செய்யும் கப்பலில் மூன்று இத்தாலியர்களுக்கு எஸ்போசித்தோ என்று குடும்பப்பெயர். மூவரும் நேப்பிள்ஸ் பக்கம். உறவினர்கள் இல்லை என்கிறார்களாம். எப்படி?
— கே.எம்., திருவொற்றியூர்

அவர்கள் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். எஸ்போசித்தோ நேப்பிள்ஸில் மிகச் சாதாரணமான பெயர், நாடு முழுவதிலும் முன்வரிசையில் வருவது. லத்தீனில் 'வெளியே வைக்கப்பட்டவன்' என்று பொருள். பெற்றோரால் விடப்பட்ட குழந்தைகளுக்கு வழங்கிய பெயர்.

நேப்பிள்ஸில் அன்னுன்சியாத்தா என்ற தர்ம நிலையத்தின் சுவரில் மரத்தாலான சுழலும் பெட்டி இருந்தது. வெளியிலிருந்து குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே போய்விடும், வைத்தவர் முகம் தெரியாது. அப்படி வந்த குழந்தைகள் பலருக்கும் ஒரே பெயர். 1814-ல், நேப்பிள்ஸ் மன்னர் முராத் ஆட்சியில், அந்தப் பெயரைக் குழந்தைகளுக்கு இடுவது நிறுத்தப்பட்டது. அதன்பிறகு வெவ்வேறு பெயர்களை வைத்தார்கள். சுழல்பெட்டியே 1875-ல் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் அந்தப் பெயர் தலைமுறைகளாகக் கிளைத்துவிட்டது. தொடக்கத்திலேயே உறவற்ற குழந்தைகளுக்கு இட்ட பெயர் என்பதால் ஒரே தெருவில் இரண்டு எஸ்போசித்தோ வீடு இருந்தாலும் உறவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மிலானில் இதே இடத்தை வகித்தது கொலொம்போ. அங்குள்ள பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா, கொலொம்பா. ஃபிளாரன்ஸில் இன்னொசென்தி. ரோம் பக்கம் ப்ரொயெத்தி. ஆனால் எல்லாக் கொலொம்போவும் இந்த வழியில் வந்தவர் அல்லர். கொலொம்போ ஆளின் பெயராகவும் பழங்காலம் முதல் இருந்தது.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். இந்தப் பெயரின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஆர்வத்தில் அந்த நண்பர்களிடம் மூதாதையரைப் பற்றித் துருவ வேண்டாம். அவர்களாகப் பேசினால் கேட்கட்டும்.

இத்தாலியில் பிள்ளைகளுக்கு அப்பா பெயர் மட்டும்தானா?
— என்.எஸ்., கொருக்குப்பேட்டை

2022 வரை அதுதான் வழக்கம். அந்த ஆண்டு அரசமைப்பு நீதிமன்றம் தந்தை பெயர் தானாக வரும் விதியைத் தள்ளுபடி செய்தது. இப்போது பெற்றோர் ஒப்புக்கொண்ட வரிசையில் இருவர் பெயரும் சேர்ந்து வரும். ஒன்று போதும் என்று இருவரும் சம்மதித்தால் ஒன்று.

என் மகள் பெயர் மரியா கொரெட்டி, 2005 அக்டோபர் 14-ல் பிறந்தவள். என் பெயர் போஸ்கோ. அவள் இத்தாலிக்குப் படிக்கப் போகிறாள். வரி அடையாளக் குறியீட்டில் பெயரைச் சுருக்கி எழுதுவார்களாமே, எப்படி? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
— எக்ஸ்.பி., மாதவரம்

'கோதிச்சே ஃபிஸ்காலே' எனப்படும் அந்தக் குறியீடு 16 எழுத்தும் எண்ணும் கொண்டது. வீட்டு வாடகை, வங்கி, மருத்துவ அட்டை, சிம் கார்டு எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். வரித்துறை அலுவலகம் தரும், இத்தாலியத் தூதரக அலுவலகம் வழியாகவும் பெறலாம். அமைப்பு தெரிந்தால் வந்த தாளை நீங்களே சரிபார்த்துவிடலாம்.

முதல் மூன்று எழுத்து குடும்பப்பெயரின் மெய்யெழுத்துகள். ஆங்கில எழுத்தில் போஸ்கோ என்றால் பி, எஸ், சி. அடுத்த மூன்று ஆளின் பெயரிலிருந்து. இங்கேதான் விதி மாறுகிறது. ஆளின் பெயரில் மெய்யெழுத்து நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் முதலாவது, மூன்றாவது, நான்காவது மெய்யை எடுக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட வேண்டும். 'மரியா கொரெட்டி' என்பதை ஒன்றாகச் சேர்த்தால் எம், ஆர், ஜி, ஆர், டி, டி. எடுப்பது எம், ஜி, ஆர். மறக்கவே முடியாத மூன்றெழுத்து. பாஸ்போர்ட்டில் 'கொரெட்டி' மட்டும் இருந்திருந்தால் ஜி, டி, டி என்று வந்திருக்கும். மெய்யெழுத்து போதாவிட்டால் உயிரெழுத்தைச் சேர்ப்பார்கள். சாவியோவுக்கு எஸ், வி, ஏ.

பிறகு பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு எண், 05. மாதத்துக்கு ஓர் எழுத்து, அக்டோபருக்கு 'ஆர்'. தேதி: பெண்களுக்கு 40 கூட்டுவார்கள், எனவே 54. பிறகு பிறந்த இடம். இந்தியாவுக்கு 'இசட்' எழுத்தும் 222-ம். கடைசி எழுத்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எழுத்து.

பிழை பெரும்பாலும் வருவது முதல் ஆறு எழுத்தில். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, 'மரியா கொரெட்டி போஸ்கோ' முழுவதையும் பெயர்க் கட்டத்தில் எழுதியிருப்பது நம் வீடுகளில் சாதாரணம். அப்போது முதல் மூன்றெழுத்துக்கு எதை எடுப்பது என்று கவுன்டரில் இருப்பவர் தன் விருப்பப்படி முடிவெடுக்க நேரும். ஓர் அலுவலகத்தில் ஒரு விதமாகவும் பல்கலைக்கழகப் பதிவில் வேறு விதமாகவும் ஏறினால் வங்கிக் கணக்கு தொடங்கும்போது இரண்டும் ஒத்துப்போகாது. இன்னொரு பிழை, இரண்டு கட்டமும் இடம் மாறுவது. இத்தாலிய அலுவலகத் தாள்களில் குடும்பப்பெயர் முதலில் வரும் என்பதால், நாம் வழக்கம்போல ஆளின் பெயரை முதலில் எழுதிவிடுகிறோம்.

ஆகவே பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். குடும்பப்பெயர்க் கட்டம் காலி என்றால் முதலில் அதைத் திருத்தி வாங்குங்கள். மதிப்பெண் பட்டியலில் 'பி. மரியா கொரெட்டி' என்று மட்டும் இருந்தால், 'பி' என்பது போஸ்கோதான் என்று காட்டும் ஆவணம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் அதே எழுத்துக்கூட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். போஸ்கோவுக்குச் 'சி' போடுவதா, 'கே' போடுவதா என்பதில்தான் நம் ஆவணங்கள் அடிக்கடி பிசகுகின்றன. குறியீடு கையில் வந்ததும் கவுன்டரை விட்டு நகரும் முன்னே முதல் ஆறு எழுத்தையும் 54-ஐயும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.